உன் பெடியன் ஆரைப் போல?

பிள்ளை,

நீ அனுப்பின உன் பெடியனின் படம் வந்தது. அம்மா போனைக் கிட்டப் பிடித்து, தள்ளிப் பிடித்து, விரலால் பெரிதாக்கி, "இந்த முகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறன்" என்றா. அவ்வளவுதான், விசாரணை தொடங்கிவிட்டது. தகப்பன் எந்த ஊர், தாய் எந்த ஊர், பேரனார் என்ன உத்தியோகம் என்று பின்னேரத்துக்குள் மூன்று தலைமுறை போய்விட்டா. பருத்தித்துறை ஆட்கள், எங்கட கொக்குவிலோடு ஒரு தொடுசலும் இல்லை. சொந்தம் இல்லை என்று தெரிந்ததும் அவவுக்கு வந்தது நிம்மதியா ஏமாற்றமா, எனக்கு விளங்கவில்லை.

எனக்குப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. சொல்லத்தான் இல்லை. அந்த இரண்டு புருவமும் நடுவில் வந்து சேருகிற விதம், வெளியே தள்ளி நிற்கிற காது, ஒரு கையால் மற்றக் கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற நிலை. உன் மாமா! முப்பது வருசத்துக்கு முந்தின மாமா ஜாக்கெட் போட்டுக்கொண்டு டொரொன்டோப் பனிக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

பெண் பிள்ளைகள் தகப்பனைப் போல ஒருவனைத்தான் தேடுவார்கள் என்று ஊரில் சொல்லுவார்கள். நீயும் தேடித்தான் இருக்கிறாய், ஆனால் அந்தத் தகப்பன் நான் இல்லை. அன்றிரவு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை, அதை ஒளிக்கவும் விருப்பமில்லை.

இதைப் பக்கத்து வீட்டு விலங்கியல் மாஸ்டரிடம் சும்மா கதையோடு கதையாகச் சொன்னேன். ஓய்வு பெற்ற மனிதரிடம் ஒரு கேள்வி கேட்டால் இரண்டு தேத்தண்ணி போகும், தெரியும்தானே. ஹங்கேரியில் தமாஷ் பெரெட்ஸ்கெய் என்று ஒருவர் (பெயர்தான் தமாஷ், ஆள் பேராசிரியர்) 2004இல் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாராம். தத்தெடுத்து வளர்த்த பெண்களின் புருசன்மாரின் படங்களையும், அந்தப் பெண்கள் சிறுமிகளாக இருந்த காலத்து வளர்ப்புத் தகப்பன்மாரின் படங்களையும், ஒன்றும் தெரியாத ஆட்களிடம் கொடுத்துச் சோடி சேர்க்கச் சொன்னார்கள். குருட்டாம்போக்கில் சரிவருவதைவிடக் கூடுதலாகவே சரிவந்தது. வளர்ப்புத் தகப்பன் என்பதால் இரத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை, சின்ன வயதில் கண் பார்த்துப் பழகிய முகம்தான். அதிலும் எந்தத் தகப்பன் அதிகம் பாசமாக இருந்தானோ, அவனைப் போன்றவனைத்தான் மகள் கூடுதலாகத் தேடியிருக்கிறாள். சில பத்துக் குடும்பங்களை மட்டும் வைத்துச் செய்தது, வேதவாக்காக எடுக்காதே என்றும் மாஸ்டர் சொன்னார். நான் வேதவாக்காக எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பாசச் சங்கதி நெஞ்சில் போய்க் குத்தியது.

நான் கட்டாருக்குப் போனபோது உனக்கு ஒரு வயது. 95 ஒக்டோபர் முடிவில் சண்டைக்குப் பயந்து எங்கட வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்த அந்த இரவு, உன்னை ரலி சைக்கிள் பாரில் துவாய் சுற்றி இருத்தி நாவற்குழிப் பாலம் தாண்டிக் கொண்டுபோனது மாமா. உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கினதும் அதே சைக்கிள். 2002இல் யுத்தநிறுத்தத்தோடு யாழ்ப்பாணப் பாதை திறந்து நான் வந்து இறங்கினபோது உனக்கு ஒன்பது வயது, மாமாவின் சாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்து நின்று "ஆர் இந்த அங்கிள்?" என்று கேட்டாய். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சரி, அதை விடு. எனக்குப் புதினமாக இருப்பது இன்னொன்று. மாமாவின் முகச்சாடை உனக்குப் பிடிக்கும் என்றால் மாமாவின் மகனையே பிடித்திருக்க வேண்டுமே. முறை மச்சான், அவனுக்கும் அதே காது. உனக்கு 25 வயதில் சொந்தக்காரர் அத்தனை பேரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். நீ "அவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருது" என்றாய். உனக்கு வாய்க்கொழுப்பு என்று அன்றைக்கு நான் நினைத்தேன்.

மாஸ்டரிடம் இதற்கும் விளக்கம் இருக்கிறது. பின்லாந்துக்காரர் வெஸ்டர்மார்க் 1891லேயே எழுதிவைத்தாராம், குழந்தையில் ஒரே வீட்டில் புரண்டு வளர்ந்தவர்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு அந்த ஆசை வராது என்று. பிறகு இஸ்ரேலில், கூட்டுப் பண்ணைகளில் வளர்ந்தவர்களின் கிட்டத்தட்ட 3000 கலியாணங்களைப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளைகளை வயதுவாரியாகக் குழுவாக வைத்து வளர்க்கிற இடம் அது. ஒரே குழுவுக்குள் கட்டினது 14 சோடிதான், அதிலும் முதல் ஆறு வயதும் சேர்ந்து வளர்ந்த சோடி ஒன்றுகூட இல்லை. யாரும் தடுக்கவுமில்லை. நீயும் அவனும் ஒரே கோப்பையில் குழையல் சோறு வாங்கித் தின்றவர்கள், ஒரே கிணற்றடியில் குளித்தவர்கள். முறைப்படி அவன் மச்சான், ஆனால் உன் கண்ணுக்கு அவன் தம்பி. பெரியம்மா பிள்ளையை அண்ணா என்றும் மாமா பிள்ளையை மச்சான் என்றும் எங்கட ஆட்கள் பிரித்து வைத்தது இந்தக் கண்ணுக்கு எப்படித் தெரியும்? மச்சான் மச்சாளுக்கும் எட்டில் ஒரு பங்கு மரபணு பொதுவாக இருக்கும் என்று மாஸ்டர் கணக்கு வேறு போட்டுக் காட்டினார். நல்லவேளை நீ அன்றைக்குச் சிரித்தாய்.

இதை எழுதுவது உன்னை வெட்கப்படுத்த இல்லை. மாமாவின் முகத்தைக் கண்டுபிடித்தது உன் கண். குணம் எப்படி என்று நீதான் இருந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் மாமாவுக்குக் கோபம் வந்தால் மூன்று நாள் கதைக்க மாட்டார், அதை நீ மறந்திருப்பாய், மாமி மறக்கவில்லை.

நேற்றுப் படத்தை மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சாடையைப் பற்றி மூச்சும் விடவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தார். மாமி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் குசினிக்குள் போய்விட்டா. அப்புறம் மாமா போனைத் திருப்பித் தந்துவிட்டு, "பெடியனுக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ எண்டு கேள்" என்றார்.

கேட்டு எழுது.

அப்பா