டிக்கிக்கு ஒரு மூடி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து மறுபடி காலையில் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மகள் கார் ஓட்டப் பழகிவிட்டாள், நீ பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் பிரேக் என்று கத்துகிறாய் என்றும் எழுதியிருந்தாய். அவள் பொறுமைசாலிதான். இங்கே எல்லோரும் சுகம். எனக்குக் கண்ணாடி பவர் ஏறியிருக்கிறது, வேறு விசேஷம் இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். வாங்கிய பழைய காரில் பின்பக்கத்து பார்சல் ட்ரே (டிக்கிச் சாமானை மேலே மூடும் பலகை) இல்லை, புதிதாக வாங்க விலை கட்டுப்படியாகாது, ஒரு ஃபோம் ஷீட்டை அளவாக வெட்டி வைத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். என் காருக்கு நானே ஒன்று செய்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள், வெயில் நேரே விழும் இடம் 70 டிகிரியைக்கூடத் தொடும். பி.வி.சி. ஃபோம் அந்தச் சூட்டில் இளகி நடுவில் தொங்கிவிடும். எம்.டி.எஃப். பலகை (மரநாரை அழுத்திச் செய்தது) கனம் அதிகம், ஈரம் பட்டால் ஓரமெல்லாம் ஊதிவிடும். 6 மி.மீ. ப்ளைவுட் போதும். ஒரு மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்றால் ஏறக்குறைய 2 கிலோதான் வரும்.

ஆனால் பலகை பெரிய விஷயமில்லை. அதை எப்படிப் பிடித்து வைக்கிறோம் என்பதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது. சும்மா வெட்டி மேலே வைத்தால் சாமான் மறையும், வெளியிலிருந்து பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் கார் எதிலாவது மோதினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார். 50 கி.மீ. வேகத்தில் போகிற கார் எதிலோ மோதி பத்தில் ஒரு நொடியில் நின்றால், உள்ளே இருக்கிற ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் 14 மடங்கு விசையோடு முன்னால் தள்ளப்படும். அந்த 2 கிலோ பலகை 28 கிலோ மூட்டையாகப் பின்சீட்டில் இருப்பவர் பிடரியை நோக்கி வரும். ட்ரே மேல் குடையையும் தண்ணீர் பாட்டிலையும் போட்டுக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

டிக்கியின் இரண்டு பக்கப் பிளாஸ்டிக்கிலும், சீட்டுக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு பள்ளம் இருக்கும் பார். பழைய ட்ரேயின் குமிழ் அதில்தான் அழுந்தி உட்கார்ந்திருக்கும். நான் பலகையின் அடியில் இரண்டு பக்கமும் சின்ன ‘எல்’ பட்டை வைத்து முடுக்கி, பட்டையின் ஓட்டையில் ஒரு போல்ட்டை வெளிப்பக்கமாக நீட்டினேன். பட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு நட்டு, இந்தப் பக்கம் ஒரு நட்டு. நட்டைத் திருகினால் போல்ட் எவ்வளவு நீளவேண்டுமோ அவ்வளவு நீளும், அளவு கொஞ்சம் முன்பின் இருந்தாலும் கவலையில்லை. நீட்டிய முனையில் ரப்பர் ட்யூப் துண்டு ஒன்றைச் செருகினேன். பள்ளத்தின் வாயைவிட ரப்பர் ஒரு நூல் தடிமனாக இருக்கவேண்டும். அப்போதுதான் அழுத்தித் தள்ளினால் உள்ளே போகும், தானாக வெளியே வராது, கடகட சத்தமும் இருக்காது. மாட்டியபின் பின் ஓரத்தைப் பிடித்து முன்னாலும் மேலேயும் வெடுக்கென்று இழுத்துப் பார்க்கவேண்டும். கழன்றால் இன்னும் தடித்த ரப்பர்.

அளவு எடுக்க டேப்பை நம்பாதே. டிக்கியில் நேர்கோடே கிடையாது, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. நடுவில் ஒரு பெரிய அட்டையை வை. ஓரங்களில் விரல் அகலத்துக்கு அட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பக்கச் சுவரைத் தொடும்வரை தள்ளி டேப் ஒட்டிக்கொண்டே வா. வளைவெல்லாம் அப்படியே அட்டையில் வந்துவிடும். சீட்டை எவ்வளவு பின்னால் சாய்ப்பீர்களோ அவ்வளவு சாய்த்து வைத்துக்கொண்டு செய். பின்கதவு மூடும்போது அட்டையில் இடிக்கிறதா என்று பார்க்க, மகளைக் கதவை மூடச் சொல்லிவிட்டு நீ சீட்டை மடக்கி டார்ச்சோடு உள்ளே படுத்துக்கொள். உன் முட்டி ஒத்துழைத்தால்! இல்லாவிட்டால் அவள் உள்ளே, நீ வெளியே.

பலகையை அட்டையைவிடச் சுற்றிலும் 4 மி.மீ. குறைத்து வெட்டு, கார்ப்பெட் மடிந்து வரும்போது அந்த இடத்தைத் தின்றுவிடும். நடுவில் தொய்யாமல் இருக்க அடியில் குறுக்காக இரண்டு மரச்சட்டம் ஒட்டினால் போதும். 12 மி.மீ. பலகை எட்டு மடங்கு விறைப்புத் தரும் என்பது உண்மைதான், ஆனால் எடையும் இரட்டிப்பாகும். நமக்கு வேண்டாத எடை அது.

கார்ப்பெட் கறுப்போ கரும்சாம்பலோ இருக்கட்டும். வெளிர் நிறம் என்றால் பின்கண்ணாடியில் அதன் பிம்பம் விழுந்து, ஓட்டுகிறவளுக்குப் பின்னால் பார்க்கும் மேல் கண்ணாடியில் ஒன்றும் சரியாகத் தெரியாது. சாதாரண வெள்ளைப் பசை சூட்டுக்குத் தாங்காது. சூடு தாங்கும் ரப்பர் பசையாகப் பார்த்து வாங்கி, இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதத்துக்குக் காயவிட்டு அழுத்து. ஒட்டியபின் நகர்த்த முடியாது, அதனால் நடுவிலிருந்து ஓரத்துக்குப் போ. பின்கதவைத் திறக்கும்போது பலகையையும் சேர்த்துத் தூக்க நல்ல நைலான் கயிறு போதும். பலகையின் பின் ஓரம் கண்ணாடியில் உரசக்கூடாது. பனி விலக்கும் கம்பிக்கோடுகள் அங்கேதான் இருக்கின்றன, ஒரு கோடு அறுந்தால் அந்த வரிசை வேலை செய்யாது.

உன் காரில் அந்தப் பள்ளத்தின் வாய் எத்தனை மி.மீ. என்று மட்டும் அளந்து எழுது. ரப்பர் ட்யூபும் போல்ட்டும் என்னிடம் மிச்சம் கிடக்கின்றன, பொருந்துவதைப் பார்த்து அனுப்பி வைக்கிறேன். ‘எல்’ பட்டையை நீ வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்