குலுக்கல் வேறு, காற்று வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த ஆய்வு விமானங்கள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இந்த விஷயத்துக்கு இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு நன்றி. ஓர் இடத்தில் மட்டும் திருத்தம் தேவை. விமானம் எவ்வளவு குலுங்குகிறது என்பதை வைத்தே காற்றின் கொந்தளிப்பை அளக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பயணிகள் விமானங்களில் அப்படி ஒரு முறை உண்டு. ஆனால் ஒரே காற்றில் கனமான விமானம் குறைவாகவும் இலகுவான விமானம் அதிகமாகவும் ஆடும். ஆய்வாளருக்கு வேண்டியது விமானம் பட்ட பாடு அல்ல, காற்றின் வேகம்.

அதற்காகத்தான் பல ஆய்வு விமானங்களின் மூக்கில் ஒரு நீண்ட கம்பம் இருக்கிறது. அதன் உருண்டையான முனையில் ஐந்து சிறு துளைகள். நடுத்துளை எதிர்வரும் காற்றின் அழுத்தத்தை வாங்குகிறது. காற்று கீழிருந்து வருகிறதா மேலிருந்தா என்பதை மேல், கீழ்த் துளைகளின் அழுத்த வேறுபாடு சொல்லிவிடும். பக்கவாட்டுக் கோணத்துக்கு மற்ற இரண்டு. இது விமானத்தைப் பொறுத்துக் காற்று நகரும் வேகம். தரையைப் பொறுத்து விமானம் நகரும் வேகத்தை ஜிபிஎஸ்ஸும், விமானத்தின் சாய்வையும் திருப்பத்தையும் உணரும் கைரோ கருவிகளும் தரும். ஒன்றோடு ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவதுதான் உண்மையான காற்று.

சிக்கலும் அந்தக் கழித்தலில்தான். இரண்டு எண்களுமே வினாடிக்கு 100 மீட்டர் அளவில் இருக்கும். தேடுவதோ சில பத்து சென்டிமீட்டர். கோணத்தில் 0.1 டிகிரி பிசகினால் போதும், செங்குத்துக் காற்றில் 17 சென்டிமீட்டர் பிழை வந்துவிடும். போதாததற்கு, இறக்கை தனக்கு முன்னால் உள்ள காற்றையே கொஞ்சம் மேலே தள்ளிவிடுகிறது. கம்பத்தை எவ்வளவு நீட்டினாலும் அந்தப் பாதிப்பு முழுதாகப் போகாது.

ஆகவே அமைதியான காற்றில் பறக்கும்போது விமானி வேண்டுமென்றே மூக்கை மேலும் கீழும் ஆட்டுகிறார், அப்புறம் இடமும் வலமுமாக. கணக்கு சரியென்றால், கிடைக்கும் காற்றின் வேகத்தில் அந்த ஆட்டத்தின் சுவடே தெரியக் கூடாது. தெரிந்தால், கணக்கில் பிழையைச் சரிக்கட்டப் பயன்படுத்தும் எண்களை (திருத்தக் கெழுக்களை) மறுபடி பார்க்க வேண்டும். நான் பல வருடம் இயற்பியல் பாடம் நடத்தியவன். ஒரு கருவியை இவ்வளவு நேர்மையாகச் சோதிப்பதற்கு வேறு உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. கட்டுரையில் இது வராதது எனக்குப் பெரிய குறை.

கோபுரங்களில் கருவி வைத்தால் போதாதா என்றும் கட்டுரையாளர் கேட்டிருந்தார். காற்று வினாடிக்கு 5 மீட்டர் வீசினால், 30 கிலோமீட்டர் நீளக் காற்று கோபுரத்தைக் கடக்க 100 நிமிடம் ஆகும். அதற்குள் வெயில் மாறிவிடும், கொந்தளிப்பும் மாறிவிடும். விமானம் அதே தூரத்தை 5 நிமிடத்தில் கடக்கிறது.

இன்னொன்று. பரந்த வெளியில் காற்று வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில் மெதுவாக இறங்குவதை எந்தத் துளையாலும் பிடிக்க முடியாது. 2020 தொடக்கத்தில் பார்படோஸ் அருகே ஜெர்மனியின் ஹாலோ என்ற ஆய்வு விமானம் சுமார் 200 கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டங்களில் பறந்து, காற்றை அளக்கும், பாராசூட் கட்டிய கருவிகளை வழிநெடுகப் போட்டது. வட்டத்துக்குள் நுழைவதைவிட அதிகக் காற்று வெளியேறினால், குறையை நிரப்ப மேலிருந்து காற்று இறங்கித்தான் ஆக வேண்டும். கிடைமட்டக் காற்றை அளந்தே செங்குத்து ஓட்டத்தைக் கண்டுபிடித்தார்கள்.

கடைசியாக, படக்குறிப்பில் விமானத்தின் மூக்கில் இருப்பதை 'ஆன்டெனா' என்று போட்டிருக்கிறீர்கள். அதுதான் நான் சொன்ன கம்பம். அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர்