ஊட்டிக் குளிரில் ஊரடங்குக் குடித்தனம்: தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

வீட்டுக்காரருக்கு மாற்றலாகி மதுரையிலிருந்து ஊட்டிக்கு வந்து, சாமான்களை ஒழுங்குபடுத்தி நீ நிமிர்வதற்குள் 2021 மே 10 கொரோனா ஊரடங்கு வந்துவிட்டது. ஜூன் 7க்குப் பிறகு மற்ற மாவட்டங்களுக்குக் கூடுதல் தளர்வு கொடுத்தும், நம் நீலகிரி உட்பட 11 மாவட்டங்களில் கெடுபிடி குறையவில்லை. மாமியார், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் கணவர், பள்ளிக்கூடம் இல்லாத இரண்டு பிள்ளைகள் என எல்லோரும் நாள் முழுக்க வீட்டில். பருப்பு வேகவில்லை, மாவு பொங்கவில்லை, துணி காயவில்லை என்று நீ கலங்குவது நியாயம்தான். ஆனால் இது உன் கைப்பக்குவத்தின் குறை இல்லை. உயரமும் குளிரும் ஈரமும் செய்கிற வேலை. மலையில் எந்த வேலையையும் ஒரு நாள் முன்னாலேயே தொடங்கிவிட வேண்டும். அந்தக் கணக்குப் பிடிபட்டால் பாதிக் கஷ்டம் குறைந்துவிடும்.

பருப்பிலிருந்தே வருகிறேன். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு தீயைக் கூட்டினாலும் ஆவிதான் போகும், சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு மணிக்கணக்காகக் கொதித்தும் குழையாமல் பருப்புப் பருப்பாக நிற்பது இதனால்தான். குக்கருக்குள்ளும், கீழே சமவெளியில் 120 டிகிரி வரை ஏறுகிற சூடு இங்கே 115, 116இல் நின்றுவிடும். ஆகவே மதுரையின் மூன்று விசில் கணக்கை மறந்துவிடு. விசிலை எண்ணாமல் நிமிஷத்தைப் பார். பருப்பை நல்ல வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அதே தண்ணீரோடு ஏற்றி, முதல் விசில் வந்ததும் தீயை சிம்மில் வைத்துப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து நிமிஷம் விடு. அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கட்டும். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் கடைசி ஐந்து நிமிஷ வேக்காடு வீணாகும்.

புளியும் தக்காளியும் பருப்பு குழைந்த பிறகுதான். புளிப்பு பட்டால் பருப்பின் தோலும் சதையும் இறுகிக்கொள்ளும், அப்புறம் எத்தனை விசில் விட்டாலும் கரையாது. இத்தனையும் செய்து வேகவில்லை என்றால் பருப்பு பழசாக இருக்கும். கொண்டைக்கடலை, ராஜ்மாவுக்குக் கீழே எட்டு மணி நேரம் ஊறினால் போதும். இங்கே பச்சைத் தண்ணீர் ஐஸ் மாதிரி இருப்பதால் பன்னிரண்டு மணி நேரமாவது வேண்டும். இரவு சாப்பாடு முடிந்ததும் வெந்நீர் ஊற்றி ஹாட் பேக்கில் மூடி வைத்துவிட்டால் காலையில் விரலால் நசுங்கும். நாளைக்கு மதியம் என்ன குழம்பு என்பதை இன்றைக்கு இரவே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது, பார்த்தாயா? சாதத்துக்கும் அரிசியை அரை மணி ஊறவைத்து, ஒரு தம்ளர் அரிசிக்கு அரைத் தம்ளர் தண்ணீர் கூடுதலாக வை.

அடுத்தது மாவு. நீ எழுதியதில் ஒரு வரியைப் படித்ததும் காரணம் தெரிந்துவிட்டது: அரைத்த மாவைக் கம்பளியில் சுற்றி வைத்தும் பொங்கவில்லை என்கிறாய். கம்பளி சூட்டை உண்டாக்காது, உள்ளே இருக்கிற சூட்டைத்தான் காக்கும். குளிர்ந்த மாவைச் சுற்றி வைத்தால் அது குளிர்ந்தபடியேதான் இருக்கும். மாவு நன்றாகப் புளிக்க 30 டிகிரியை ஒட்டிய வெதுவெதுப்பு வேண்டும். ஜூனில் ஊட்டியில் பகலே 18 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், இரவில் 11, 12க்கு இறங்கிவிடும். அந்த வெதுவெதுப்பை நாம்தான் கொடுத்தாக வேண்டும்.

நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். ஊறப்போடுவதும் வெதுவெதுப்பான தண்ணீரில், அரைக்கும்போது தெளிப்பதும் வெதுவெதுப்பான தண்ணீர். உளுந்து மாவை ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். இரண்டு மாவையும் கையால் நன்றாக அடித்துக் கலந்து, பாத்திரத்தில் பாதி மட்டும் ஊற்று. உப்பு இப்போது வேண்டாம். மதுரை வெயிலில் மாவு சீக்கிரம் புளித்துவிடாமல் இருக்க உப்பு உதவும், இங்கே அதுவே புளிப்பைப் பின்னுக்கு இழுக்கும். பொங்கிய பிறகு போட்டுக்கொள்ளலாம். ஒரு பெரிய அண்டாவில், கை வைத்தால் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் மாவுப் பாத்திரத்தை இறக்கி, மூடி, அதன்பிறகு அண்டாவோடு சேர்த்துக் கம்பளியால் சுற்று. படுக்கப் போகும் முன் ஒருமுறை, காலையில் எழுந்ததும் ஒருமுறை வெந்நீரை மாற்று. பதினாறிலிருந்து இருபது மணி நேரத்தில் மாவு எழும்பிவிடும். இதைச் செய்யாமல் விட்டால் இரண்டு நாள் ஆனாலும் எழும்பாமல் கிடந்து, கடைசியில் பொங்காமலே நாறும்.

அவசரப்பட்டு அனல் பறக்கும் வெந்நீரில் வைத்துவிடாதே. ஓரத்து மாவு வெந்து கட்டியாகும், புளிக்க வைக்கிற நுண்ணுயிரும் செத்துவிடும். மேலே ரோஸ் நிறத்திலோ கறுப்பாகவோ படர்ந்திருந்தால் அந்த இடத்தை மட்டும் வழித்துப் போட்டால் போதாது, முழு மாவையும் கொட்டிவிடு.

ரேஷனில் இந்த மாதம் கொரோனா நிவாரணமாகத் தருகிற 14 பொருள் பையில் உளுந்து அரைக் கிலோ இருக்கிறது. 200 கிராம் உளுந்துக்கு 800 கிராம் அரிசி என்று போட்டால் அந்த அரைக் கிலோ இரண்டு தடவை அரைக்க வரும். ஒரு தடவை அரைத்த மாவு, குளிரின் புண்ணியத்தில், ஃப்ரிட்ஜ் இல்லாமலே மூன்று நாள் தாங்கும். கீழே கிடைக்காத சௌகரியம் இது.

தயிருக்கும் இதே வழிதான். பால் காய்ந்து இறங்கி, சுண்டு விரலை விட்டுப் பத்து எண்ணும் வரை பொறுக்கிற சூட்டில் உறை ஊற்று. லிட்டருக்கு இரண்டு டேபிள் ஸ்பூன். ஹாட் பேக்கை முதலில் வெந்நீரால் கழுவிவிட்டு அதில் ஊற்றி மூடு. தயிர் நூல் நூலாக இழுத்துக் கொழகொழவென்று வந்தால், பால் ஆறிப்போன பிறகு உறை ஊற்றியிருக்கிறாய் என்று அர்த்தம். அந்தத் தயிரை அடுத்த உறைக்கு எடுக்காதே.

இனி சொல்வதைத் தயவுசெய்து இரண்டு தடவை படி. மாமிக்குக் குளிர் தாங்கவில்லை, இரவில் கரிச்சட்டி வைக்கிறோம் என்று எழுதியிருந்தாய். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு சேரும். அதற்குப் புகை கிடையாது, வாசனை கிடையாது, கண் எரியாது. தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மலைகளில் இப்படி உயிர் போனவர்கள் உண்டு. கரி நன்றாகக் கனிந்து சிவந்த பிறகு உள்ளே கொண்டு வந்தால் ஆபத்தில்லை என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள், நம்பாதே. புகை நின்றாலும் அந்த வாயு நிற்பதில்லை. படுக்கையறைக்குக் கரிச்சட்டி வரவே கூடாது. கூடத்திலும் வைக்காமல் இருப்பதே நல்லது; வைத்தால் எதிரெதிரான இரண்டு ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்க வேண்டும், படுக்கும் முன் சட்டி வாசலுக்குப் போய்விட வேண்டும். குளியலறை கேஸ் கீசருக்கும் இதே சட்டம்: வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு, கீசரை அணைத்துவிட்டு, பிறகு குளிக்கட்டும்.

இன்னொன்று. தலைவலி, குமட்டல், அசதி என்றால் இந்தக் காலத்தில் எல்லோருக்கும் கொரோனா நினைப்புதான் வருகிறது. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வெளிக்காற்றில் நின்றதும் குறைந்தால், முதலில் கரியைச் சந்தேகப்படு. மாமிக்கு ரப்பர் வெந்நீர்ப் பை இரண்டு வாங்கிக் கொடு. கால்மாட்டில் ஒன்று, இடுப்பில் ஒன்று. காலுக்கு உல்லன் சாக்ஸ், தலைக்குக் குல்லா. கரிச்சட்டியைவிட இது மேல்.

ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கிற ஆக்சிமீட்டர் வாங்கியது நல்லது. ஆனால் மலைக்குளிரில் விரல் விறைத்திருந்தால் அது தவறாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, மருதாணி, நகப்பூச்சு இல்லாத விரலில் மாட்டி, ஐந்து நிமிஷம் உட்கார்ந்த பிறகு, எண் நிலைத்து நிற்கும்போது குறித்துக்கொள். எல்லோரும் நலமாக இருக்கும் இப்போதே ஒவ்வொருவருடைய அளவையும் காலண்டரில் எழுதி வை. இந்த உயரத்தில் ஒன்றிரண்டு புள்ளி குறைவாக இருப்பது சகஜம், அவரவர் வழக்கமான எண் தெரிந்தால்தான் இறக்கம் தெரியும். ஆனால் 94க்குக் கீழே போனால் உயரத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு உட்காராதே. மருத்துவ ஆலோசனை எண் 104ஐக் கூப்பிடு, மூச்சு வாங்கினால் 108 ஆம்புலன்ஸ்.

துணி விஷயத்தில் நீ செய்கிற ஞாயிற்றுக்கிழமை மொத்தத் துவையலை விட்டுவிடு. மூட்டமான நாளில் ஐந்து பேர் துணி ஒரே கொடியில் தொங்கினால் ஒன்றும் காயாது, எல்லாம் சேர்ந்து வாடை அடிக்கும். தினமும் ஒரு வாளி, அவ்வளவுதான். பிழிந்ததை உலர்ந்த டவலில் வைத்துச் சுருட்டி முறுக்கினால் பாதி ஈரம் போய்விடும். பிறகு ஹேங்கரில், ஒன்றுக்கொன்று படாமல், சமையலறையை அடுத்த கொடியில் போடு. அடுப்புக்கு நேர் மேலே கொடி கட்டாதே. முகக்கவசம்தான் முக்கியம்: ஈரம் இருக்கிற துணி மாஸ்க்கில் மூச்சு விட முடியாது, பூஞ்சையும் பிடிக்கும். ஆளுக்கு ஐந்து மாஸ்க்காவது இருந்தால்தான் சுழற்சிக்கு வரும். கடைசி ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் எடு. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வை.

காய்கறி வண்டிக்காரரிடம் கழுவாத கேரட் இருக்கிறதா என்று கேள். மெஷினில் கழுவிய கேரட் பளபளவென்று இருக்கும், தோல் உரசியிருப்பதால் சீக்கிரம் வழவழக்கும். மண்ணோடு இருப்பதைத் தழையைத் திருகி எடுத்துவிட்டுச் சாக்கில் போட்டால் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும். உருளைக்கிழங்கு இருட்டில், வெங்காயத்தை விட்டுத் தள்ளி. பச்சை படர்ந்த கிழங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதே. முட்டைக்கோஸின் வெளி இலைகளை வெட்டும் நாள் வரை உரிக்காதே. மேரக்காய் (சௌசௌ) நம் சமையலில் புழங்காத காய்தான், ஆனால் கூட்டுக்கும் சாம்பாருக்கும் இதைப்போல மலிவானது வேறு இல்லை. ரவையை வாங்கிய அன்றே வறுத்து ஆறவைத்துப் பாட்டிலில் போடு. மிளகாய்த்தூளும் அப்பளமும் மூடி இறுகிய டப்பாவில் இருக்கட்டும். காய்த்தோலையும் பழத்தோலையும் கொல்லையில் வீசினால் குரங்கும் காட்டெருமையும் வரும். எண்ணெய் டின்னின் வாசனைக்குக் கரடி கதவையே பெயர்க்கும், அதை வெளித்திண்ணையில் வைக்காதே.

இவ்வளவும் நீ ஒருத்தி செய்வதற்காக எழுதவில்லை. ஊரடங்கில் ஆபீஸ் வேலை குறைந்த வீடு உண்டு, அடுப்படி வேலை குறைந்த வீடு நான் கேட்டதில்லை. ஐந்து பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு, ஐந்து தடவை டீ, இடையில் பிள்ளைகளின் பசி. இதற்கு முதல் மருந்து, அடுப்படிக்கு ஒரு மூடும் நேரம் வைப்பது. மதியம் இரண்டு மணிக்கு மூடினால் நாலு வரை யார் வந்தாலும் ஃப்ளாஸ்க்கில் இருக்கிற டீதான், டப்பாவில் இருக்கிற பொரிகடலைதான். இரவு எட்டரைக்கு மறுபடி மூடல். ஒரு வாரம் முணுமுணுப்பார்கள், பிறகு பழகிவிடும்.

வேலையைப் பிரிக்கும்போது “உதவி செய்யுங்கள்” என்று கேட்காதே. ஒரு வேலையை முழுசாகக் கொடு. மாவு அண்டாவின் வெந்நீர் இரவும் காலையும் உன் வீட்டுக்காரர் பொறுப்பு என்றால், அவர் மறந்த அன்றைக்கு இட்லி இல்லை, உப்புமா. நீ எழுந்து போய் மாற்றாதே. குக்கர் காஸ்கெட், சிலிண்டர் பதிவு, ஜன்னல் திறப்பதும் அவருடையது. மாமியால் நின்று வேலை செய்ய முடியாது, ஆனால் நாளைக்கு என்ன ஊறப்போட வேண்டும் என்பதை முடிவு செய்கிற அதிகாரத்தை அவரிடம் கொடு. வயசானவர்களுக்கு இந்த நாட்களில் மருந்தைவிட அது தெம்பு. பெரியவன் துணி மடிக்கட்டும், சின்னவள் பருப்பில் கல் பொறுக்கட்டும்.

பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு வீட்டில் எந்த ஜன்னலோரம் சிக்னல் நிற்கிறது என்று பார்த்து, மேசையை அங்கேயே போட்டுவிடு. மழையில் சிக்னல் போனால் கல்வித் தொலைக்காட்சியில் அந்த வகுப்புப் பாடம் எத்தனை மணிக்கு என்று முதல் நாளே குறித்து வை. மரம் விழுந்து கரண்ட் போகிற மாதம் இது. கிரைண்டர் வேலையைக் காலையிலேயே முடித்துவிடு, போனும் எமர்ஜென்சி விளக்கும் மாலைக்குள் சார்ஜில் இருக்கட்டும்.

மாமிக்கு வெந்நீர்ப் பை வாங்கிவிட்டாய் என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அக்கா
ஜூன் 2021