படத்துல இருக்கறது எங்க ஆவுளியா இல்லங்க

ஆசிரியர் சாருக்கு வணக்கம். போன வாரம் கடல் பசு பத்தி நீங்க போட்ட கட்டுரைய எங்க டீக்கடையில நாலு பேர் சேந்து படிச்சோம். மீனவங்களுக்கு விழிப்புணர்வு இல்லாததாலதான் அது அழியுதுன்னு ஒரு வரி இருந்துச்சு. ரொம்ப நன்றிங்க, எங்களுக்கு இத்தன நாளா தெரியாமப் போச்சு.

நாங்க அத ஆவுளியான்னு சொல்லுவோம். எங்க தாத்தா காலத்துல கறி தின்னாங்க, மறைக்கல. ஆனா வலையில மாட்டினா கண்ணீர் விட்டு அழும்னு கதை சொல்லி எங்கள வளத்ததும் அதே தாத்தாதான், அந்தக் கதையாலயோ என்னவோ எங்கப்பாவுக்கு அது மேல கத்தி வைக்க மனசு வராது. 2023ல நானும் அவரும் வள்ளத்துல போனப்ப திருக்கை வலையில ஒண்ணு சுருட்டிக்கிச்சு. அது மீன் இல்லீங்களே, சில நிமிஷத்துக்கு ஒருக்கா மேல வந்து மூச்சு விடணும், இல்லாட்டி உள்ளயே முட்டிச் செத்துரும். அப்பா யோசிக்கவே இல்ல, வலைய அறுத்துட்டாரு. மேல வந்து புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டுச்சு பாருங்க, தண்ணி என் மூஞ்சியில அடிச்சுது. வலைக்கு நிவாரணம் உண்டுன்னாங்களேன்னு ஆபீசுக்குப் போனா போட்டோ எங்கங்கறாங்க. ஒரு கையில கத்தி, ஒரு கையில வலை, செல்போன வாயிலயா கவ்விக்கிறது? மூணு தடவ அலைஞ்சுட்டு விட்டுட்டேன்.

அத விடுங்க. ஆவுளியா திங்கிறது கடல்தாழை, கடலடியில வளர்ற புல்லு. அந்தத் தாழைய வேரோட வழிச்சுட்டுப் போறது இழுவைமடி, விசைப்படகு கடலடியோட இழுத்துட்டுப் போற வலை. ரெண்டு படகு சேந்து இழுக்கற இரட்டைமடிக்குத் தடைன்னு பேருதான். அத எழுதற நேரத்துல உங்க நிருபருக்குப் பேனாவுல மை தீந்துடுச்சு போல. 2022 செப்டம்பர்ல தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடல்ல 448 சதுர கிலோமீட்டர ஆவுளியாவுக்குக் காப்பகம்னு அறிவிச்சப்ப எங்க ஆளுங்களும்தான் சந்தோஷப்பட்டாங்க. இந்தியா முழுக்க சுமார் 240தான் மிச்சம்ங்கறாங்க, ஒரு குட்டி போட்டா அடுத்ததுக்கு மூணு வருஷமாவது ஆகும், இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா. 2016ல மணப்பாடு பக்கம் திமிங்கலம் கூட்டமா கரை ஒதுங்கினப்ப படகுல கட்டி இழுத்துட்டுப் போயி கடல்ல விட்டதும் விழிப்புணர்வு இல்லாத மீனவங்கதான் சார்.

இன்னொண்ணு. நீங்க போட்ட படத்துல வாலு துடுப்பு மாதிரி உருண்டையா இருக்கு. அது அமெரிக்கா பக்கம் இருக்கற மானட்டி, ஆவுளியாவுக்குச் சொந்தம், ஆனா வேற இனம். ஆவுளியாவுக்கு, நீங்க டால்பின்னு சொல்ற ஓங்கில் மாதிரி வாலு ரெண்டா பிரிஞ்சிருக்கும். ஆறாவது படிக்கிற என் மகதான் மொதல்ல கண்டுபிடிச்சா. அந்த விழிப்புணர்வு வரிய நீங்க எடுக்க மாட்டீங்கன்னு தெரியும், அடுத்த இதழ்ல படத்தயாவது மாத்திப் போடுங்க.

இப்படிக்கு,
மல்லிப்பட்டினத்துலேருந்து ஒரு நாட்டுப்படகுக்காரன்