என்னையும் சேத்து வளர்த்த எங்க தெரு ஆச்சிமாருக்கு

எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு ஒரு வயசு முடியப் போகுது, அதுக்குள்ள இதை எழுதிரணும்னு ஆசை. எங்க அம்மா இல்ல, அத்தையும் படுத்த படுக்கை, பாளையங்கோட்டையில பிரசவம் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா புள்ளைய எப்படித் தூக்கணும்னே தெரியல, அப்ப எங்க தெரு ஆச்சிமார்தான் வந்து நின்னாங்க.

முதல் நன்றி எதுத்த வீட்டு ஆச்சிக்கு. ஆச்சி ஒரு நாள்கூட அவங்களே குளிப்பாட்டிக் குடுக்கல. "நீ கால நீட்டி உக்காரு ட்டி, நான் தண்ணி ஊத்துதேன்"னு பாப்பாவ என் கால்லயே போட்டு, முழங்கையில ஊத்தி சூடு பாக்க வச்சு, கண்ணுல தண்ணி விழாம நெத்தியில கைய அணை குடுக்கச் சொல்லி... எனக்குக் கை நடுங்கும், ஆச்சி வாங்கவே மாட்டாங்க, பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க. அவங்க செஞ்சிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும், எனக்கு வந்திருக்காது.

பின் வீட்டு சின்னம்மை, பால் கட்டி காய்ச்சலோட நான் அழுதுட்டுக் கெடந்த ராத்திரி வெந்நித் துணியில ஒத்தடம் குடுத்து, கொஞ்சம் பீச்சி இளக்கிவிட்டு பாப்பாவ மாருல போட்டு, விடிஞ்சதும் ஆட்டோ புடிச்சு டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனதும் நீங்கதான்.

ஊசி போட வர்ற நர்ஸ் அக்காவுக்கும் நன்றி. 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்தான், தண்ணி கூட வேண்டாம், ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாதுன்னு சொன்னீங்க. "நாங்க பொறந்த புள்ள நாக்குல தேனைத் தொட்டு சேனை வச்சுதான வளத்தோம்"னு ஆச்சி கேட்டப்ப முகம் சுளிக்காம உக்காந்து விளக்கினீங்க. இப்ப புதுசா புள்ள பெத்த வீட்டுக்கெல்லாம் போயி தேன் வைக்காதீங்கன்னு சொல்றதே ஆச்சிதான், அந்த வயசுல இப்படி மாத்திக்க எவ்வளவு பெரிய மனசு வேணும்!

ஆபீஸ்ல எங்க சீனியர் மேடம். அவங்க காலத்துல 12 வார லீவுதான். 2017ல சட்டத்தைத் திருத்தி 26 வாரம் ஆக்கினதையும், புள்ளைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் தினம் ரெண்டு தடவை பால் குடுக்க பிரேக் உண்டுன்னும் எனக்குச் சொல்லிக் குடுத்து, ஹெச்.ஆர்.ல முடியாதுன்னப்ப கூடவே வந்து பேசி வாங்கிக் குடுத்தீங்க மேடம். அவங்களுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைச்சதுல அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆவணியில குலதெய்வம் கோயில்ல மொட்டை போட்டு காது குத்துறோம். வேன் தெரு முனைக்கே வந்துரும். ஆச்சி, முழங்கால் வலிக்குன்னு சொல்லி நின்னுராதீங்க, முன் சீட்டு உங்களுக்குத்தான்.