பின் ஆசனத்தின் மூக்கு

யாழ்ப்பாணம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று வாசித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்.

உன் ஹைபிரிட் கார் மின்சாரத்தில் ஓட மறுக்கிறது என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன், கோபிக்காதே. என்னுடையதும் இரண்டு மாதம் அதே நோயில் கிடந்து இப்போதுதான் எழும்பியிருக்கிறது. முன்பு வீட்டிலிருந்து நல்லூர் வரை பூனை போலப் போகும். பிறகு ஒழுங்கை முனை தாண்டுமுன்பே பெற்றோல் இயந்திரம் உறுமத் தொடங்கியது. திரையில் பற்றரிக் கோடுகள் மளமளவென்று ஏறும், அடுத்த சந்திக்குள் சரிந்துவிடும். குடம் சிறுத்துவிட்டால் நிறைவதும் வேகம், வடிவதும் வேகம்தானே.

கராஜ்காரர் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "முழுப் பற்றரியையும் மாற்ற வேண்டும்" என்றார். விலையைக் கேட்டதும் நான் திறப்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து 2025இல் திரும்பத் திறக்கும்வரை நாங்கள் எல்லோரும் கிழட்டுக் கார்களுக்கு வைத்தியம் பார்த்துத்தானே காலம் தள்ளினோம்!

சுன்னாகத்தில் ஒரு தம்பி இருக்கிறான். அவன் முதலில் தொட்டது பற்றரியை அல்ல. பின் ஆசனத்து ஓரத்தில் அடைப்பு வலை போட்ட ஒரு துவாரம் உண்டு, கவனித்திருப்பாய். அதன் வழியாகத்தான் காருக்குள் இருக்கும் குளிர்காற்றை விசிறி இழுத்துப் பற்றரியின் சூட்டைத் தணிக்கிறது. விசிறியைக் கழற்றினால், எங்கள் வீட்டு நாயின் பாதி மயிர் அதில்தான் இருந்தது! மூக்கடைத்தால் பற்றரி சூடேறும். சூடேறினால் காரின் கணினி மின்சாரத்தை அளந்துதான் கொடுக்கும், இயந்திரம் முந்தி எழும்பும். துடைத்துப் போட்டதும் மத்தியான ஓட்டம் கொஞ்சம் திருந்தியது. ஆனால் கோடுகளின் ஆட்டம் நிற்கவில்லை.

அதன் பிறகே காரின் கணினி சொல்வதை வாசிக்கும் ஸ்கானரைச் செருகினான். என் காரின் பற்றரி ஒரே கட்டி அல்ல, மச்சான். 28 துண்டுகள், துண்டுக்கு ஆறு செல், மொத்தம் 201.6 வோல்ட். கணினி அவற்றை இரண்டிரண்டாக, 14 சோடிகளாக அளக்கிறது. நிற்கும்போது பார்த்தால் எல்லாம் நல்ல பிள்ளைகள். பாரம் ஏற்றினால்தான் குட்டு வெளிப்படும். மேட்டில் ஏற்றிப் பார்க்க யாழ்ப்பாணத்தில் மேடு ஏது? கோப்பாய்ப் பக்கம் வெறும் வீதியில் திடீரென்று வேகம் கூட்டினோம். ஒரு சோடி மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் சரிந்தது. ஒரு செல் செத்திருக்கிறது என்றான்.

2022 பெற்றோல் தட்டுப்பாட்டு வரிசையில்தான் அதற்கு நோய் பிடித்தது என்பது என் சந்தேகம். டாங்கி வற்றிய நிலையில் மின்சாரத்திலேயே ஊர்ந்தோமே, நியூட்ரலில் போட்டு ஏ.சி.யையும் ஓடவிட்டோமே, ஞாபகமா? நியூட்ரலில் இந்தப் பற்றரிக்குச் சார்ஜ் ஏறாது. அப்போது யாருக்குத் தெரியும்?

துண்டுகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. அதையும் தேய்த்தான். பழுதான துண்டுக்குப் பதிலாக, அதே அளவு தளர்ந்த பழைய துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டான். புதியதைப் போட்டால் கிழவர்கள் நடுவே இளந்தாரி நின்றதுபோல் ஆகிவிடுமாம். இன்னொரு துண்டு எப்போது விழும் என்று தெரியாது. அதை அவனே சொன்னதால்தான் எனக்கு அவன்மேல் நம்பிக்கை வந்தது. இப்போது நல்லூர் வரை முழுவதும் இல்லை, முக்கால்வாசித் தூரம் சத்தமில்லாமல் போகிறது.

நீயாகப் பற்றரியைத் திறக்காதே. செம்மஞ்சள் கம்பிகளில் ஓடுவது உயிர் குடிக்கும் மின்சாரம். அந்தத் தம்பியே கையுறை போட்டு, இணைப்பைக் கழற்றி, பத்து நிமிடம் காத்திருந்துதான் கை வைத்தான்.

துவாரத்தை மட்டும் இன்றைக்கே பார். போன முறை வந்தபோது பேத்தியின் பையை அதில் சாய்த்து வைத்திருந்தாய்.

அன்புடன்,
உன் மச்சான்