நடுங்கும் கையும் நல்ல மருத்துவரும்

அன்புள்ள ஆலிவர் ஹிர்ஷ்பீகல் அவர்களுக்கு,

வணக்கம். ஹிட்லரின் கடைசி நாட்களைச் சொல்லும், 2004இல் வெளிவந்த உங்கள் 'டவுன்ஃபால்' படத்தை நேற்றிரவு மீண்டும் பார்த்தேன். ஒரு காட்சியில் நிறுத்திவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெர்லின் இடிந்துகொண்டிருக்கிறது. தோட்டத்தில் வரிசையாக நிற்கும் சிறுவர்களிடம் ஹிட்லர் கனிவாகப் பேசுகிறார். முதுகுக்குப் பின்னால் அவருடைய இடது கை அடங்காமல் உதறிக்கொண்டே இருக்கிறது.

அந்த உதறலுக்காக, ஹிட்லராக நடித்த புரூனோ கான்ஸ் பார்க்கின்சன் நோயாளிகளை மருத்துவமனைக்கே போய்க் கவனித்தார். குரலுக்கும் அதே உழைப்பு. மேடையில் முழங்கும் ஹிட்லரை எல்லோரும் கேட்டிருக்கிறோம். 1942 ஜூன் 4 அன்று, பின்லாந்தின் படைத் தளபதி மானர்ஹைமுக்கு 75 வயது நிறைந்த நாளில், ரயில் பெட்டிக்குள் ஹிட்லர் இயல்பாகப் பேசியதை ஒரு வானொலிப் பொறியாளர் ரகசியமாகப் பதிவு செய்தார். கிடைத்திருப்பது சுமார் 11 நிமிடம். கான்ஸ் அதைக் கேட்டுத்தான் பயிற்சி எடுத்தார். தளபதிகள்மீது அவர் கத்தும் காட்சியைத்தான் ஊரே பேசுகிறது. எனக்கோ செயலாளர்களிடம் பேசும் அந்தத் தணிந்த குரல்தான் குலைநடுக்கம் தந்தது. ஹிட்லரை மனிதனாகக் காட்டிவிட்டீர்கள் என்று சண்டைக்கு வந்தவர்களோடு நான் சேர மாட்டேன்.

என் மனக்குறை வேறு. முதல் முறை பார்த்தபோது பக்கத்தில் இருந்த மகளிடம், "இதில் ஒருவராவது நல்லவராக இருக்கிறாரே" என்றேன். காயம்பட்டவர்களை விட்டுப் போக மனமின்றி நகரத்திலேயே தங்கிவிடும் மருத்துவர் ஷெங்க்கைத்தான் சொன்னேன். பிறகுதான் படித்தேன், அவர் நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி, மவுத்தாசன் வதைமுகாமில் கைதிகளை வைத்து உணவுச் சோதனை நடத்தியவர். படத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கடைசியில் ஹிட்லரின் செயலாளர் யுங்கேயோடு ஒரு சிறுவன் சைக்கிளில் போவதும் கற்பனைதான். அதை நான் பொருட்படுத்தவில்லை. ஷெங்க் விஷயத்தில் அப்படி விட முடியவில்லை. கை உதறுவதுகூட உண்மை என்று நம்பவைத்த படம் அது. அந்த நம்பிக்கையில்தான் மருத்துவரையும் நம்பினேன்.

மகளைத் தொலைபேசியில் அழைத்து, அன்று சொன்னது தவறு என்றேன். படம் முடிந்ததும் ஒவ்வொருவரும் பின்னால் என்ன ஆனார்கள் என்று எழுத்தில் காட்டுகிறீர்கள். ஷெங்க்கின் பெயருக்குக் கீழே மவுத்தாசன் என்று எழுத இடம் இருந்தது, ஐயா.

அன்புடன்,
உங்கள் ரசிகன்